சோப்பு சொதப்பிருச்சா? அறிகுறியைச் சொல்லுங்க, அங்கருந்து தேடுவோம்

வீட்ல மூலிகை சோப்பு போடறவங்க கேக்கற கேள்வி எல்லாத்தையும் கொட்டிப் பார்த்தா ஒரு பன்னெண்டுக்குள்ள அடங்கிரும், அதுல பாதி என் கையாலயே கெடுத்துக் கத்துக்கிட்டது. அதனால சோப்பு எப்படி உருவாகுதுங்கற பாடமெல்லாம் இங்க கிடையாது. உங்க சோப்புக்கு என்ன ஆச்சோ அந்தத் தலைப்புக்கு நேராப் போங்க. காசு செலவில்லாம பார்க்கறது முதல்ல, கொஞ்சம் மெனக்கெடறது அப்புறம், தூக்கிப் போடறது கடைசில.

பெரும்பாலும் காஸ்டிக் சோடாவும் எண்ணெயும் கலந்து போடற கோல்ட் ப்ராசஸ் சோப்பைப் பத்திதான் எழுதியிருக்கேன், ரெடிமேட் சோப் பேஸை உருக்கி ஊத்தறவங்களுக்குக் கீழ தனித் தலைப்பு இருக்கு.

சோப்பை விடுங்க, கையில பட்டுருச்சு

காஸ்டிக் கலந்த தண்ணி தோல்ல தெறிச்சா ஓடற தண்ணில 15–20 நிமிஷம் கழுவுங்க, துணில பட்டிருந்தா அதைக் கழட்டிட்டு கழுவுங்க. வினிகர், எலுமிச்சைன்னு யாராவது சொன்னா கேக்காதீங்க, தண்ணிதான். வெந்து போயிருந்தாலோ எரிச்சல் அடங்கலைன்னாலோ டாக்டர். கண்ணுல பட்டா இமையை விரிச்சுப் பிடிச்சு குறைஞ்சது 20 நிமிஷம் கழுவணும், அதே நேரத்துல வேற ஒருத்தர் ஆஸ்பத்திரிக்குப் போக வண்டி பார்க்கணும், "இப்ப பரவால்ல போல"ன்னு உக்காந்துடாதீங்க. குழந்தை தெரியாம வாய்ல வெச்சுட்டா வாந்தி எடுக்க வைக்கவே கூடாது, நேரா எமர்ஜென்சிக்கு.

கண்ணாடி, க்ளவுஸ் போடாம வேலை செய்றவங்க மேற்கொண்டு படிக்க வேண்டாம், போட்டுட்டு வாங்க. சோடாவைத்தான் தண்ணில கொட்டணும், தண்ணியை சோடா மேல ஊத்தக் கூடாது. அலுமினியப் பாத்திரம் பக்கத்துலயே வரக் கூடாது, காஸ்டிக் அதை அரிச்சு ஹைட்ரஜனைக் கிளப்பும். எவர்சில்வர், இல்லைன்னா சூடு தாங்கற கெட்டி பிளாஸ்டிக்.

எந்த அறிகுறியா இருந்தாலும் முதல்ல தராசு

என்கிட்ட வர்ற புகார்ல "ரெசிப்பி தப்பு"ன்னு சொல்றவங்கதான் ஜாஸ்தி. கொஞ்சம் நோண்டிக் கேட்டா எண்ணெயை மில்லில அளந்திருப்பாங்க. இதை ஒரு தடவை கணக்காவே காட்டிடறேன், ஏன்னா பாதிப் பிரச்சனை இங்கதான் ஒளிஞ்சிருக்கு.

தேங்காய் எண்ணெய் 200 கிராம், ஆலிவ் 250, விளக்கெண்ணெய் 50, மொத்தம் 500 கிராம். ஒரு கிராம் எண்ணெய்க்கு எவ்வளவு காஸ்டிக்னா தேங்காய்க்கு 0.183, ஆலிவுக்கு 0.135, விளக்கெண்ணெய்க்கு 0.128. பெருக்கிக் கூட்டினா 76.75 கிராம். அதுல 5 சதவீதம் குறைச்சுப் போடுவோம், அதான் சூப்பர்ஃபேட்ங்கறது, அப்ப 73 கிராம். தண்ணி அதுக்கு டபுள், 146.

இப்ப இதே எண்ணெயை 500 மில்லின்னு கப்புல அளந்து ஊத்தறீங்க. எண்ணெய் தண்ணியை விட லேசு, அதனால உள்ள விழறது ஏறத்தாழ 460 கிராம்தான். 460 கிராம் எண்ணெய் முழுசா சோப்பாக 70.6 கிராம் காஸ்டிக் போதும், நீங்க போட்டதோ 73. கிட்டத்தட்ட இரண்டரை கிராம் காஸ்டிக் சேர ஆளில்லாம சோப்புக்குள்ளயே சுத்திக்கிட்டு இருக்கும், அதுதான் அப்புறம் கையை அரிக்கும், உதிரும், நாக்குல சுரீர்ங்கும். அளக்கற கப்பை மாத்தினா சரியாப் போற விஷயம்.

தராசு சரியான்னு பார்க்க: காலி ஜக்கை வெச்சு பூஜ்யம் பண்ணிட்டு 500 மில்லி தண்ணி ஊத்துங்க, 500 கிராம் பக்கத்துல காட்டணும். பத்து கிராம், பதினஞ்சு கிராம் விலகினாலோ எண் ஆடிக்கிட்டே இருந்தாலோ பேட்டரியை மாத்துங்க. மாத்தியும் ஆடுதுன்னா புதுத் தராசு, அதுல கஞ்சத்தனம் பார்க்காதீங்க.

அடுத்தது காஸ்டிக். டப்பா மேல சோடியம் ஹைட்ராக்சைடுன்னு போட்டிருக்கா, பொட்டாசியமான்னு பாருங்க. சிங்க் அடைப்பு எடுக்கற பொடியா இருந்தா அது வேண்டவே வேண்டாம், சிலதுல அலுமினியத் துணுக்கு கலந்திருக்கும். மூடி சரியா மூடாத டப்பால காஸ்டிக் ஈரம் இழுத்து கட்டி கட்டியா ஆயிருந்தா அதோட வீரியம் போயிருச்சுன்னு அர்த்தம், எடை சரியா இருந்தும் சோப்பு கெட்டியாகாது.

அறிகுறி: கலக்கிக்கிட்டே இருக்கேன், கெட்டியாகவே இல்ல

கையாலயா, ஸ்டிக் பிளெண்டராலயா? கையாலன்னா ஒரு மணி நேரம் ஆகறது சாதாரணம், பயப்படாதீங்க. பிளெண்டர்ல அஞ்சு நிமிஷம் விட்டு விட்டு அடிச்சும் தண்ணியா இருந்தா கீழ உள்ளதைப் பாருங்க.

- கலவை ஆறிப் போச்சா? பாத்திரத்துக்கு வெளில கை வெச்சா இளஞ்சூடு இருக்கணும், 38–45 டிகிரி. ஆறியிருந்தா வெந்நீர் பாத்திரத்துல உக்கார வெச்சு மறுபடி அடிங்க.
- ஆலிவ் முக்கால்வாசியா? அப்ப அது அப்படித்தான், நேரம் எடுக்கும்.
- தண்ணி ஜாஸ்தியா? காஸ்டிக்குக்கு ரெண்டு மடங்குக்குப் பதிலா மூணு மடங்கு ஊத்தியிருந்தா ட்ரேஸ், அதாவது கலவை அச்சுல (மோல்ட்) ஊத்தற பதத்துக்குக் கெட்டியாகறது, தள்ளிப் போகும், ஆனா வரும்.
- இது எதுவும் இல்லைன்னா காஸ்டிக் குறைஞ்சிருக்கும், இல்லைன்னா அதோட வீரியம் போயிருக்கும். அரைமணி நேரத்துக்கு ஒரு தடவை அடிச்சுப் பாருங்க, அன்னைக்கு ராத்திரி வரைக்கும் பிரிஞ்சு பிரிஞ்சு வந்தா இந்த பேட்சை விட்டுட்டு புது காஸ்டிக் வாங்குங்க. வடிகால்ல ஊத்திடாதீங்க, அதுல இன்னும் காஸ்டிக் இருக்கு.

ட்ரேஸ் வந்துருச்சான்னு பார்க்க ஸ்பேட்டுலாவைத் தூக்கி மேல கோடு போடற மாதிரி ஊத்துங்க, கோடு ரெண்டு மூணு செகண்ட் மேலயே நின்னுட்டு அப்புறம் முங்கினா ஊத்தலாம். ஒரு எச்சரிக்கை, பாம் ஆயில், ஷியா பட்டர் மாதிரி கெட்டிக் கொழுப்பு போட்டு கலவை ஆறியிருந்தா கொழுப்பு உறைஞ்சே கெட்டியான மாதிரி காட்டும். அது பொய் ட்ரேஸ். லேசா சூடு பண்ணினா மறுபடி தண்ணியாயிரும், அதுலயே கண்டுபிடிச்சிரலாம்.

அறிகுறி: வாசனை ஊத்தின அடுத்த நிமிஷம் சிமெண்ட் சாந்து ஆயிடுச்சு

இதுல என் கதையை சொல்லியே ஆகணும். கிராம்பு எண்ணெய் வாசனை பிடிக்கும்னு ஒரு தடவை 500 கிராம் பேட்சுக்கு தாராளமா ஊத்தினேன். ஊத்திட்டு கரண்டியைத் திருப்பறேன், மூணாவது சுத்துலயே கரண்டி நகரல. கையை எடுத்தேன், கரண்டி நட்டு வெச்ச கம்பம் மாதிரி நடுவுல நிக்குது, பாத்திரம் சூடேறுது. மோல்டை எடுத்து வர்றதுக்குள்ள கதை முடிஞ்சிருச்சு.

கிராம்பு, லவங்கப்பட்டை எண்ணெய் ரெண்டும் இப்படித்தான் பண்ணும். பூ வாசனை ஃப்ராக்ரன்ஸ் ஆயில்கள்லயும் நிறைய இந்த சேட்டை பண்ணும்.

இப்ப என்ன பண்ணலாம்: பிளெண்டரை வெளில எடுத்துடுங்க, மோட்டார் போயிரும். இன்னும் கொஞ்சம் இளக்கமா இருந்தா கரண்டியால அள்ளி மோல்ட்ல அழுத்தி, மோல்டை மேஜைல தட்டித் தட்டி காத்தை வெளில விடுங்க. முழுசா கல்லாயிருந்தா அடிச்சுப் போராடாதீங்க, மூடி போட்டு அப்படியே விடுங்க, அதுவே சூடாகி ஒரு மணி நேரத்துல இளகி வரும், இல்லைன்னா வெந்நீர் பாத்திரத்துல வெச்சு இளக்குங்க, அப்ப மோல்டுக்கு மாத்தலாம். பார்க்க அழகா இருக்காது, குளிக்க நல்லாவே இருக்கும்.

கல்லாகாம நொய் நொய்யா குருணை மாதிரி திரிஞ்சா அது வேற. ஃப்ராக்ரன்ஸ் எண்ணெய் கெட்டிக் கொழுப்போட ஒட்டிக்கிட்டது. இதுக்கு பிளெண்டரை வெச்சே அடிச்சு மசிச்சிரலாம், பெரும்பாலும் வழிக்கு வந்துரும்.

அடுத்த தடவைக்கு: வாசனையைக் கடைசில, மெல்லிய ட்ரேஸ்ல, கரண்டியால மட்டும் கலங்க. எண்ணெயையும் காஸ்டிக் தண்ணியையும் 38 டிகிரிக்குப் பக்கத்துல இறக்கி வெச்சுக்கோங்க. வாசனை மொத்தமும் சேர்த்து, சோப்புக்குப் போடற எண்ணெய் எடைல 3 சதவீதம், அதாவது 500 கிராமுக்கு 15 கிராம், அதுக்குள்ள கிராம்பு 2 கிராமைத் தாண்டாம இருக்கட்டும். தாண்டினா பாத்திரம் மட்டுமில்ல, தோலும் எரியும்.

அறிகுறி: பொங்கி வழியுது, இல்ல மேல வெடிச்சிருக்கு

தேன், சர்க்கரை, பால், கற்றாழை ஜெல், இதுல எது போட்டீங்க? இது எல்லாமே சோப்பைச் சூடேத்தும். மேல போர்வை வேற சுத்தி வெச்சிருந்தா பொங்காம என்ன பண்ணும். உடனே போர்வையை எடுத்துட்டு ஃபேன் காத்துல வைங்க, சின்ன மோல்டுன்னா ஃப்ரிட்ஜுக்குள்ள. வழிஞ்சதை க்ளவுஸ் கையோட தள்ளி உள்ள போடுங்க, கெட்டுப் போகல.

வெடிப்பு மட்டும்தான், பொங்கலைன்னா சூட்டோட சேர்ந்து தூளும் காரணமா இருக்கலாம். முல்தானி மிட்டி, மூலிகைத் தூள்னு மொத்தமா 500 கிராமுக்கு மூணு நாலு ஸ்பூன் தாண்டினா அது தண்ணியை எல்லாம் குடிச்சிரும். இன்னும் இளக்கமா இருக்கும்போதே க்ளவுஸ் விரலால தடவி மூடிரலாம்.

வெட்டும்போது நடுவுல மட்டும் வட்டமா கரும் நிறம், ஓரத்துல வெளுப்புன்னு ரெண்டு கலரா இருந்தா அது கோளாறே இல்ல, நடுவுல மட்டும் சூடு ஏறியிருக்கு. விட்டுருங்க.

அறிகுறி: ரெண்டு நாளாச்சு, மெழுகு மாதிரி மெத்துன்னு இருக்கு, மோல்டை விட்டே வரல

முதல்ல ஒண்ணும் பண்ணாம இன்னும் மூணு நாள் வைங்க. ஆலிவ் ஜாஸ்தியான சோப்பு ஒரு வாரம் கூட எடுக்கும். அவசரம்னா ஃப்ரீசர்ல மூணு நாலு மணி நேரம் வெச்சுட்டு தள்ளினா டக்குனு வரும், வேர்க்கும், துடைக்காம காத்துல காய விடுங்க.

ஒரு வாரத்துக்கு மேலயும் விரல் பதிஞ்சா:

தண்ணி ஜாஸ்தின்னா காயும், பொறுமைதான் மருந்து. அடுத்த தடவை காஸ்டிக் தண்ணில அரை டீஸ்பூன் உப்பு கரைச்சுக்கோங்க, 500 கிராம் எண்ணெய்க்கு அது போதும், கெட்டிப்படும். காஸ்டிக் குறைஞ்சு போயிருந்தா மேல எண்ணெய்ப் பிசுக்கு தெரியும், அது காயவே காயாது. டப்பால பொட்டாசியம் ஹைட்ராக்சைடுன்னு இருந்தா, கதை அவ்வளவுதான், அது கட்டி சோப்புக்கானதே இல்ல, லிக்விட் சோப்பு போடறது. கோபப்பட்டு என்ன பண்றது, பாட்டில்ல போட்டு பாத்ரூம் கழுவிக்கலாம்.

அறிகுறி: வெட்டினா உதிருது, கை அரிக்குது, வெள்ளை வெள்ளையா இருக்கு

இங்க ஒரு சோதனை இருக்கு, அதுக்கு முன்னாடி எதையும் முடிவு பண்ணாதீங்க. விரலை நனைச்சு சோப்புல தேய்ச்சு அந்த விரலை நாக்கு நுனில லேசா தொடுங்க. சோப்பு ருசிதான் வந்தா சரி. பேட்டரியை நாக்குல வெச்ச மாதிரி சுரீர்னு அடிச்சா காஸ்டிக் மிச்சம் இருக்கு, உடனே வாயைக் கொப்பளிங்க. சோப்பை நேரா நக்காதீங்க, வீட்டுக் குழந்தைங்க பார்க்க பண்ணாதீங்க, அதை விளையாட்டுன்னு நினைச்சுக்கும்.

போட்டு ரெண்டு நாள்தான் ஆச்சுன்னா சுரீர்ங்கறது சகஜம், ஒரு வாரம் கழிச்சு மறுபடி பாருங்க. பிஹெச் பேப்பரை மட்டும் நம்பாதீங்க. சோப்புக்கு 9, 10 வர்றது இயல்பு. அதை 7-க்கு இறக்கறேன்னு எலுமிச்சைச் சாறு ஊத்தினவங்களை எனக்குத் தெரியும், சோப்பு பிரிஞ்சு பிசுபிசுப்பு எண்ணெயா நின்னுச்சு.

சுரீர்னு இல்ல, ஆனா உதிருதா? லேட்டா வெட்டிட்டீங்க. தேங்காய் எண்ணெய் ஜாஸ்தியான சோப்பு 8–12 மணி நேரத்துலயே வெட்டணும், மறுநாள் சாயந்திரம் வெட்டினா உடையத்தான் செய்யும்.

சுரீர்னு இல்ல, உள்ள வெள்ளைப் புள்ளியா? பாம் ஆயில், பட்டர் முழுசா உருகாம போயிருக்கும், பயன்படுத்தலாம்.

புள்ளி இருக்கற எடத்துல மட்டும் சுரீர்ங்குதா? காஸ்டிக் முழுசா கரையறதுக்குள்ள ஊத்திட்டீங்க. வெட்டும்போது ஓட்டைல இருந்து தண்ணி மாதிரி கசிஞ்சு அதுவும் சுரீர்னாலும் இதே கேஸ்தான். இந்த சோப்பைக் குளிக்க எடுக்காதீங்க, ஒரு துண்டு நல்லா இருக்கேன்னு தனியா ஒதுக்கவும் வேண்டாம்.

ஒரு வாரம் கழிச்சும் எல்லா எடத்துலயும் சுரீர்ங்குதா? இப்ப மறு உருக்கல். க்ளவுஸ் போட்டு சோப்பைத் துருவி, எவர்சில்வர் பாத்திரத்துல போட்டு, அதை கொதிக்கற தண்ணி இருக்கற பெரிய பாத்திரத்துல வெச்சு, ரெண்டு மூணு ஸ்பூன் தண்ணி தெளிச்சு மூடுங்க. மேல சொன்ன 500 மில்லி கேஸ்னா எண்ணெய் எவ்வளவு குறைஞ்சு போச்சுன்னு தெரியுமே, 500-ல 460 போக 40 கிராம், அந்த எண்ணெயை அப்படியே சேர்த்துருங்க. ஒண்ணுல இருந்து ரெண்டு மணி நேரம், அப்பப்ப கிளறி, எல்லாம் ஒரே மாதிரி கண்ணாடித் தன்மையா கூழாகற வரைக்கும். சுரீர் போனதும் மோல்ட்ல அழுத்துங்க. எவ்வளவு தப்பு விழுந்துச்சுன்னே தெரியலைன்னா குத்துமதிப்பா எண்ணெய் ஊத்தி விளையாடாதீங்க, தரை கழுவற சோப்பா ஒதுக்கிருங்க, அப்பவும் கைக்கு க்ளவுஸ். எடையை எழுதி வைக்கற நோட்டுப் புத்தகத்தோட அருமை அன்னைக்குத்தான் தெரியும்.

நாலு பேருக்குக் கொடுக்கறதுக்கோ விக்கறதுக்கோ போடறீங்கன்னா நாக்கு சோதனை போதாது, மிச்ச காரம் எவ்வளவுன்னு லேப்ல கொடுத்துப் பாருங்க.

அறிகுறி: மேல மட்டும் வெள்ளைப் பொடி படிஞ்சிருக்கு

நாக்கு சோதனைல ஒண்ணும் இல்லைன்னா இது சோடா சாம்பல். காஸ்டிக்கும் காத்துல இருக்கற கார்பன் டை ஆக்சைடும் சேர்ந்த படிவம். கெடுதல் இல்ல. ஈரத்துணியால துடைங்க, இல்லைன்னா ஆவில ஒரு நிமிஷம் காட்டுங்க. அடுத்த தடவை ஊத்தின உடனே மோல்டை மூடிருங்க, தண்ணியைக் கொஞ்சம் குறைங்க. ஊத்தினதும் மேல ஐசோப்ரோபில் ஆல்கஹால் தெளிச்சாலும் குறையும், அடுப்பு எரியற எடத்துல வேண்டாம்.

அறிகுறி: பச்சையா போட்டேன், பழுப்பா வந்துச்சு

மூலிகை சோப்புல மனசு ஒடியற எடம் இதுதான். வேப்பிலைத் தூள் போட்டா ஊத்தும்போது கண்ணுல ஒத்திக்கற மாதிரி ஒரு பச்சை, மூணாவது வாரம் பாசி காஞ்ச கலர். நான் முதல் நாலு பேட்ச் என் தூள் பழசு போலன்னு நினைச்சு புதுசு புதுசா வாங்கிக்கிட்டே இருந்தேன். தூள்ல தப்பே இல்ல, காஸ்டிக் இலைப்பச்சையை விட்டு வைக்காது. வேப்பிலை, துளசி, புதினா எதுவானாலும் கடைசில பழுப்புதான்.

செம்பருத்தி, பீட்ரூட் போட்டு சிவப்பு எதிர்பார்க்காதீங்க, சாம்பலோ பழுப்போ ஆகும். மஞ்சள் தூள் காஸ்டிக்ல விழுந்ததும் ரத்தச் சிவப்பா மாறி பயமுறுத்தும், அப்புறம் ஆரஞ்சு மஞ்சளா இறங்கிரும், வெயில்ல வெச்சா இன்னும் வெளுக்கும். 500 கிராமுக்கு கால் டீஸ்பூன் போதும், தாண்டினா துவட்டற துண்டு மஞ்சளாகும்னு வீட்ல திட்டு விழும். ரோஜா இதழ், லாவெண்டர் பூ மேல தூவினா ரெண்டு வாரத்துல கறுத்துரும், லாவெண்டர் பார்க்க எலிப் புழுக்கை மாதிரியே இருக்கும், சொன்னா மன்னிச்சுக்கோங்க. கலர் நிக்கற இதழ்னா காலெண்டுலா.

நிறம் நிலைக்கணும்னா களிமண் வகைகள், மஞ்சிட்டி, இண்டிகோ நீலம். பச்சைதான் வேணும்னு அடம் பிடிச்சா பச்சைக் களிமண் போடுங்க, இல்லைன்னா காஸ்மெட்டிக் தரத்துல க்ரோமியம் ஆக்சைடு.

எந்தத் தூளும் போடல, வெள்ளை சோப்பு தானா பழுப்பாகுதுன்னா வாசனை பாட்டிலைப் பாருங்க, வெனிலா கலந்த ஃப்ராக்ரன்ஸ் எல்லாம் நாள் போகப் போக சோப்பைப் பழுப்பாக்கும். நிறுத்த முடியாது, அதுக்கேத்த மாதிரி டிசைனைப் பழுப்புலயே யோசிச்சுக்கலாம்.

அறிகுறி: ஒரு மாசத்துல வாசனையே இல்ல

என்ன எண்ணெய் போட்டீங்க? எலுமிச்சை, ஆரஞ்சுத் தோல் எண்ணெய்னா பறக்கத்தான் செய்யும். எலுமிச்சை வாசம் வேணும்னா லெமன்கிராஸ் போடுங்க, அது நிக்கும். பறக்கற வாசனையோட பச்சௌலி, வெட்டிவேர், சீடர்வுட் மாதிரி கனமானதை நாலுல ஒரு பங்கு சேர்த்தா பிடிச்சு வெச்சுக்கும்.

எண்ணெயே போடல, வெட்டிவேர்த் தூளும் ரோஜாத் தூளும் தான் போட்டேன்னா, அது வாசனை தராது. எண்ணெய்ல மூலிகையை ஊற வெச்சு வடிகட்டிப் போட்டாலும் வாசம் சோப்பு வரைக்கும் வராது. ஊற வைக்கறதுல வாசனையை நம்பிப் போடற உழைப்பு வீண்ங்கறது என் அபிப்பிராயம்.

அளவு சரியா, 3 சதவீதம் போட்டீங்களா? ஸ்பூன்லயும் சொட்டுலயும் எண்ணாதீங்க, 0.1 கிராம் காட்டற சின்னத் தராசு வேணும். சரின்னா கலக்கும்போது சூடு ஜாஸ்தியாயிருக்கலாம், இல்லைன்னா திறந்த எடத்துல வெயில்பட க்யூரிங், அதாவது வாரக்கணக்குல காய, வெச்சிருக்கலாம். நிழல், காத்து, 4–6 வாரம், அதுக்கப்புறம் பேப்பர்ல சுத்தி டப்பால.

அறிகுறி: ஆரஞ்சுப் புள்ளி, பழைய எண்ணெய் வாடை

எண்ணெய் சிக்குப் பிடிச்சிருக்கு. வாடை லேசா இருந்து புள்ளி ஒண்ணு ரெண்டுன்னா செதுக்கிட்டு நீங்களே பயன்படுத்திக்கோங்க, யாருக்கும் கொடுக்காதீங்க. நாத்தம் ஏறிடுச்சுன்னா குப்பைதான், உருக்கினாலும் திரும்பாது.

எதனாலன்னு பார்க்க, காய வெச்ச எடத்தைப் பாருங்க. நான் ஒரு தடவை கம்பி ரேக் மேல அடுக்கினேன், ஆறாவது வாரம் கம்பி பட்ட எடத்துல மட்டும் கோடு கோடா ஆரஞ்சு, கம்பி அச்சு அப்படியே பதிஞ்ச மாதிரி. இரும்பு பட்டா சிக்கு சீக்கிரம் வரும். மேல பேப்பர் விரிச்சு அடுக்கினதுக்கப்புறம் வரல. குழாய்த் தண்ணில இரும்பு இருந்தாலும் இதேதான், டிஸ்டில்ட் வாட்டருக்கு மாறுங்க. எண்ணெய் பாட்டிலை முகர்ந்து பாருங்க, அங்கயே லேசா வாடை இருந்தா சோப்புல அமுங்கிரும்னு நினைக்காதீங்க. சூரியகாந்தி மாதிரி சீக்கிரம் சிக்குப் பிடிக்கற எண்ணெய் 15 சதவீதத்துக்குள்ள, சூப்பர்ஃபேட் 5 போதும், "சருமத்துக்கு நல்லது"ன்னு 10, 12-ன்னு ஏத்தறவங்களுக்குத்தான் புள்ளி சீக்கிரம் வரும்.

சோப் பேஸ் உருக்கி ஊத்தறவங்களுக்கு

*மேல வேர்த்து முத்து முத்தா தண்ணி:* க்ளிசரின் காத்துல இருக்கற ஈரத்தை இழுக்குது. துடைச்சு, ஆறின உடனே பிளாஸ்டிக் ஷீட்ல இறுக்கி சுத்துங்க. ஃப்ரிட்ஜ்ல ஆற வைக்கறதை நிறுத்துங்க.

*தூள் எல்லாம் அடியில உக்காந்துருச்சு:* சூடா ஊத்திட்டீங்க. தூளைக் கொஞ்சம் க்ளிசரின்ல குழைச்சுப் போட்டு, மேல ஆடை கட்ட ஆரம்பிக்கற பதம் வரைக்கும் கிளறி, 50 டிகிரி பக்கத்துல ஊத்துங்க.

*ரப்பர் மாதிரி இழுக்குது, ஒரு வாடை:* பேஸ் கொதிச்சிருச்சு. டபுள் பாய்லிங்ல உருகினா போதும், கொதிக்கக் கூடாது.

*பூஞ்சை:* பச்சை இலைச் சாறு, கற்றாழையைச் செடில இருந்து வெட்டி அப்படியே, பால், இதுல எதாவது போட்டிருப்பீங்க. பேஸ்ல காய்ஞ்ச தூள் மட்டும்தான். பூஞ்சையைச் சுரண்டிட்டு குளிக்கலாமான்னு கேக்காதீங்க, தூக்கிப் போடுங்க. கோல்ட் ப்ராசஸ்லயும் இலையைப் பெரிசு பெரிசா போட்டா அந்தத் துண்டு உள்ள அழுகும், மை மாதிரி அரைச்சு வடிகட்டிதான் போடணும்.

அறிகுறி: நுரையே வரல

வாரம் எத்தனை ஆச்சு? நாலுக்குக் கீழன்னா பொறுங்க. ஆச்சுன்னா ரெண்டு பாட்டில் எடுத்து ஒண்ணுல டிஸ்டில்ட் வாட்டர், இன்னொண்ணுல உங்க குழாய்த் தண்ணி, ரெண்டுலயும் ஒரே அளவு சோப்புச் சீவல் போட்டு குலுக்குங்க. முதல் பாட்டில்ல நுரை, ரெண்டாவதுல தயிர் திரிஞ்ச மாதிரி வெள்ளைத் திட்டுன்னா சோப்பு மேல பழி போடாதீங்க, தண்ணி கடினம். 500 கிராம் எண்ணெய்க்கு 10 கிராம் சிட்ரிக் ஆசிட் சேர்த்தா திட்டு குறையும், ஆனா அந்த 10 கிராம் 6 கிராம் காஸ்டிக்கைத் தின்னுரும், அதனால காஸ்டிக்கை 6 கிராம் கூட்டணும், மறந்தா சோப்பு மெத்துன்னு ஆயிரும். வீடு முழுக்க குழாய்ல வெள்ளைப் படிவம் வர்ற அளவுக்குன்னா தண்ணியை டெஸ்ட் பண்ணி சாஃப்ட்னர் ஆளைத்தான் கூப்பிடணும்.

ரெண்டு பாட்டில்லயும் நுரை இல்லையா? தேங்காய் எண்ணெய் 20 சதவீதத்துக்குக் கீழ இருக்கும், 30-க்கு ஏத்துங்க, விளக்கெண்ணெய் 5–10 வைங்க.

அறிகுறி: குளிச்சா தோல் இழுக்குது, அரிக்குது

இழுக்கறது மட்டும்னா தேங்காய் எண்ணெய் ஜாஸ்தி. தேங்காய் மட்டுமே வெச்சுப் போடறவங்க சூப்பர்ஃபேட்டை 20 வரைக்கும் ஏத்திதான் போடறாங்க. மத்த எண்ணெய் கலந்தா இவ்வளவு தேவையில்ல.

சுரண்டற மாதிரி எரிச்சல்னா தூளைச் சல்லடைல சலிக்காம போட்டிருப்பீங்க.

சிவந்து அரிச்சா முதல்ல நாக்கு சோதனை. சுரீர்னா மேல போங்க. இல்லைன்னா வாசனை, அதுலயும் லவங்கப்பட்டை, கிராம்பு மேல சந்தேகம். சோப்பை நிறுத்திட்டு, ஒரு வாரம் கழிச்சு அதே ரெசிப்பியை வாசனை இல்லாம போட்ட துண்டு இருந்தா முழங்கை உள்பக்கம் நுரையைத் தடவி கழுவிப் பாருங்க, ஒண்ணும் ஆகலைன்னா வாசனைதான் குற்றவாளி. அதுவும் அரிச்சா மூலிகைத் தூளே ஒத்துக்கல, மூலிகைன்னா அலர்ஜி வராதுன்னு யாரும் எழுதித் தரல.

தடிப்பு பரவினாலோ, கொப்புளம் வந்தாலோ, நிறுத்தி ரெண்டு மூணு நாள் ஆகியும் அடங்கலைன்னாலோ தோல் டாக்டர்கிட்ட போங்க, போகும்போது என்னென்ன போட்டீங்கன்னு எழுதின அந்த நோட்டுப் பக்கத்தையும் எடுத்துட்டுப் போங்க. முகம், உதடு வீங்கி மூச்சு வாங்கினா நோட்டைத் தேடாதீங்க, எமர்ஜென்சி.